உள்ளூர்ப் பக்கத்துக்காக எடுத்த ஆறு மாதச் சந்தா

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் முடிந்து, அடுத்த மாதம் சபைகள் கூடத் தொடங்கிய கிழமையில், யாழ்ப்பாணத்தில் அச்சாகும் காலைப் பத்திரிகைகளுள் ஒன்றுக்கு ஆறு மாதச் சந்தா கட்டினேன். அதுவரை சந்தியிலுள்ள சனசமூக நிலையத்துக்குப் போய் ஓசியில் பத்திரிகை பார்த்துவிட்டு வருபவன் நான். வீட்டுக்கு எடுப்பதற்கு ஒரேயொரு காரணம்தான் இருந்தது. எங்கள் பிரதேச சபையில் என்ன நடக்கிறது என்பதை யாரோ ஒருவர் எனக்காகப் போயிருந்து பார்த்து, எழுதி, விடியற்காலையில் படலையடியில் கொண்டுவந்து போட வேண்டும் என்று விரும்பினேன். அந்தச் சேவையைத்தான் விலைக்கு வாங்கினேன். இந்த மதிப்பீடும் அதைப் பற்றியதே. சினிமாப் பக்கமும் இராசிபலனும் எப்படி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பத்திரிகையின் பெயரையோ சபையின் பெயரையோ எழுதப் போவதுமில்லை. இரண்டிலும் வேலை செய்பவர்கள் எங்கள் ஊரவர்கள், குறை சொல்ல வேண்டிய இடங்களும் வருகின்றன.

ஏன் அந்த மாதத்தில் தொடங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018 பெப்ரவரி 10ஆம் திகதி தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் மாதத்துடன் முடிந்தது. அந்த மாதம் 9ஆம் திகதி நடக்கவிருந்த தேர்தல், பணம் இல்லை என்ற காரணத்தால் நடக்கவில்லை. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி தீர்ப்பளித்த பிறகும், வாக்குப் போடும் நாள் வருவதற்கு மேலும் எட்டு மாதங்களுக்கு மேல் சென்றது. இடைப்பட்ட இரண்டு வருடங்களுக்கு மேலான காலத்தில், யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், பதின்மூன்று பிரதேச சபைகள் ஆகிய பதினேழிலும் மக்கள் தெரிவு செய்த ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை. ஆணையாளரும் செயலாளர்களும் நிர்வாகத்தை நடத்தினார்கள். சபைக்குக் கட்டும் ஆதன வரியான சோலைவரி வழக்கம்போல அறவிடப்பட்டது. கேள்வி கேட்பதற்கு எதிர்வரிசை என்ற ஒன்றே இல்லாத அந்தக் காலத்தில், பத்திரிகைகள் சபைகளை இரட்டிப்பாகக் கவனித்திருக்க வேண்டும். சனசமூக நிலையத்தில் நான் பார்த்த அளவில் நடந்தது மறுதலையாக இருந்தது. அமர்வு இல்லாததால் செய்தியும் இல்லாமல் போயிற்று. சபை கூடி, இருவர் சண்டை பிடித்தால்தான் அது செய்தி என்ற பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விநியோகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலை ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் பத்திரிகை வந்துவிடும். மாரியில் பொலித்தீன் பையில் சுற்றிப் போடுகிறார்கள். இரண்டு தரம் பை கிழிந்து, முதற்பக்கமும் கடைசிப் பக்கமும் ஒட்டிப்போய் வந்தன. முகவரிடம் சொன்னபோது மறுபேச்சில்லாமல் வேறு பிரதி தந்தார். 2022ஆம் ஆண்டுத் தாள் தட்டுப்பாட்டுக்குப் பிறகு விலை ஏறியதும் பக்கம் குறைந்ததும் எல்லாப் பத்திரிகைகளுக்கும் பொதுவான கதை. அந்த வருடம் மார்ச் மாதத்தில் கொழும்பின் நாளிதழ்கள் சிலகூட அச்சு நிறுத்த வேண்டி வந்தது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பாடசாலைக் கொப்பித் தாளில், நீலக்கோடுகளின் மேல் அச்சான பத்திரிகையை வாசித்தவன் என்ற வகையில், தாளின் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இனி உள்ளூர்ப் பக்கங்கள். மூன்றாம் பக்கமும் ஐந்தாம் பக்கமும் பெரும்பாலும் குடாநாட்டுச் செய்திகளுக்கு உரியவை. முதல் ஒரு மாதத்தில் வந்த சபைச் செய்திகள் எல்லாவற்றையும் வெட்டி ஒரு கோப்பில் போட்டேன். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. மாத முடிவில் அவற்றைத் தரம் பிரித்துப் பார்த்தபோது, மிகத் தடித்த கட்டாக இருந்தது வைபவச் செய்திகள்: அடிக்கல் நாட்டு விழா, தவிசாளர் கடமையேற்பு, பொன்னாடை, மரநடுகை. அடுத்த கட்டு, அறிக்கைகள். ஓர் உறுப்பினர் இன்னதைக் கண்டித்தார், இன்னதை வலியுறுத்தினார் என்பவை அவை. மூன்றாவது, சபை அமர்வில் நடந்த சொற்போர். சபை எந்தத் தீர்மானத்தை எடுத்தது, அதற்கு எவ்வளவு பணம், அந்தப் பணம் எந்தத் தலைப்பிலிருந்து வருகிறது, வேலை எப்போது முடியும் என்று ஒரு குடிமகனுக்குத் தேவையான விவரம் அடங்கிய செய்திகள் என் விரல்களுக்குள் அடங்கின.

இது நிருபர்களின் சோம்பேறித்தனத்தால் வருவதென்று நான் முதலில் நினைத்தேன். பிறகு எங்கள் பகுதிக்கு எழுதும் தம்பியைச் சனசமூக நிலைய ஆண்டு விழாவில் சந்தித்துக் கதைத்தபோது கணக்கு வேறுமாதிரி விளங்கியது. அவர் ஒருவரே மூன்று சபைகளையும் இரண்டு பிரதேச செயலகங்களையும் பார்க்கிறார். கோயில் திருவிழா, விபத்து, பாடசாலை விளையாட்டுப் போட்டி என்பனவும் அவர் தலையில்தான். பிரசுரமாகும் செய்திக்கும் படத்துக்கும் எண்ணிக் கொடுக்கும் பணமே அவருடைய வருமானம். மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அவருடைய செலவு. சபையின் வரவுசெலவுத் திட்டமான பாதீட்டுப் புத்தகத்தை மூன்று நாள் குந்தியிருந்து வாசித்து எழுதும் செய்திக்கும், ஒரு பொன்னாடைப் படத்துக்கும் கிடைக்கும் கூலியில் பெரிய வித்தியாசம் இல்லையென்றால், எந்த மனிதர் பாதீட்டைத் தூக்குவார்?

பாதீடு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 2020 டிசம்பரில் யாழ்ப்பாணம் மாநகர சபையின் பாதீடு இரண்டாம் முறையும் தோற்று, சட்டத்தின்படி அப்போதைய முதல்வர் பதவியிழந்து, வருட முடிவுக்குள் புதிய முதல்வர் தெரிவானார். யார் யார் எந்தப் பக்கம் கை தூக்கினார்கள், எந்தக் கட்சிக்குள் யார் யாரைக் கவிழ்த்தார்கள் என்பதெல்லாம் அன்று சந்திக் கடையில் தேநீர் குடிப்பவர்களுக்கும் மனப்பாடம். ஆனால் தோற்ற அந்தப் பாதீட்டில் வடிகாலுக்கு எவ்வளவு, கழிவகற்றலுக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டிருந்தது என்று அதே கடையில் கேட்டிருந்தால் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள், நான் உட்பட. கல்லுண்டாயில் கொட்டப்படும் குப்பையைப் பற்றி வருடக் கணக்காக நாங்கள் முறைப்பட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தக் குப்பையை ஏற்றி இறக்குவதற்கு வருடமொன்றுக்கு என்ன செலவாகிறது என்பது எத்தனை வீட்டில் தெரியும்?

இப்போது எங்கள் ஒழுங்கையின் மதகுக் கதைக்கு வருகிறேன். இந்தச் சேவையின் பலமும் பலவீனமும் ஒருசேர வெளிப்பட்டது அதில்தான்.

ஒழுங்கையின் முகப்பில், வெள்ளவாய்க்கால் வீதியைக் கடக்கும் இடத்தில், ஒரு சிறு மதகு இருக்கிறது. அதன் மேற்கட்டு ஒரு பக்கமாக உடைந்து, கம்பி வெளியே தெரிந்தது. ஒரு மாலைநேரம் ரியூசனுக்குப் போன பிள்ளையின் சைக்கிள் சில்லு அந்த வெடிப்புக்குள் அகப்பட்டது. பிள்ளைக்கு முழங்காலில் காயம். ஜூலை மாதத்தில் நிருபர் தம்பி வந்து படமெடுத்துப் போனார். மூன்றாம் பக்கத்தில் இரண்டு பத்திச் செய்தி, படத்துடன், நன்றாகவே வந்தது. நான்காம் நாள் சபையின் உழவு இயந்திரம் ஒன்று ஒரு பெட்டி கிரவலைக் கொண்டுவந்து வெடிப்பின் மேல் கொட்டிப் பரவிவிட்டுப் போனது. அடுத்த நாள் அதே மூன்றாம் பக்கத்தில், பெட்டி கட்டி, "எமது செய்தியின் எதிரொலி: மதகு திருத்தப்பட்டது" என்று தலைப்பிட்டிருந்தார்கள். தவிசாளருக்கு மக்கள் நன்றி தெரிவித்ததாகவும் எழுதியிருந்தது. அந்த மக்களில் ஒருவனாகிய என்னிடம் எவரும் கேட்கவில்லை.

இந்த "எதிரொலி" என்ற பெட்டிச் செய்தியை யாழ்ப்பாணத்துப் பத்திரிகை வாசகர்கள் எல்லாரும் அறிவார்கள். எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. பத்திரிகை தன் செய்தியால் விளைந்த பயனைச் சொல்வதில் தவறில்லை; அது வாசகருக்கு நம்பிக்கை தரும், நிருபருக்கும் ஊக்கம் தரும். ஆனால் கிரவல் கொட்டிய மறுநாளே எதிரொலி போட்டுவிட்டால், அந்த விடயம் பத்திரிகையின் கணக்கில் முடிந்துவிடுகிறது. சபையின் கணக்கிலும் முடிந்துவிடுகிறது. முடியாமல் கிடப்பது மதகு மட்டுந்தான். ஒக்டோபர் நடுப்பகுதியில் முதல் பெருமழை பெய்த இரவே கிரவல் முழுவதும் வாய்க்காலுக்குள் இறங்கி, அடைப்பெடுத்து, வெள்ளம் ஒழுங்கையின் இரு கரையிலும் நான்கு வீட்டு முற்றங்களுக்குள் ஏறியது. முன்பு வெடிப்பு மட்டும் இருந்த இடத்தில் இப்போது வெள்ளமும் சேர்ந்துகொண்டது.

நான் தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் வந்து பார்த்தார், படமும் எடுத்தார். செய்தி வரவில்லை. ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது, முன்பே எதிரொலி போட்ட விடயத்தை மறுபடி எழுதினால் "நாங்களே எங்களைப் பொய்யாக்கினமாதிரிப் போயிடும்" என்று உள்ளே சொல்லப்பட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஆறு மாதத்தில் இந்தப் பத்திரிகையின் மேல் எனக்கு வந்த மிகப் பெரிய கோபம் அதுதான். தான் எழுதியது தவறாகிவிட்டது என்று தெரிந்த பிறகு, அதைத் திருத்தி எழுதும் துணிவு இல்லாத பத்திரிகை, ஒரு சபையைப் பார்த்து உன் கணக்கைத் திருத்து என்று எப்படிக் கேட்கும்?

கோபத்தை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்ரிஐ) கீழ் நானே ஒரு விண்ணப்பம் எழுதினேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு அடித்தளமாக அரசியலமைப்பில் 14அ என்ற உறுப்புரை 2015இல் 19ஆவது திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. விண்ணப்பம் கொடுப்பவர் ஏன் கேட்கிறார் என்ற காரணத்தைச் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். தருவதென்றால் அதன்பின் 14 நாட்களுக்குள் தர வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்குப் பின் கொழும்பிலுள்ள ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இவ்வளவும் எனக்குத் தெரிந்தது இந்தப் பத்திரிகையின் ஞாயிறு இதழில் முன்பொருமுறை வந்த கட்டுரையால்தான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

சபை அலுவலகத்தில் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்ட பிள்ளை மரியாதையாகவே நடந்துகொண்டார். "ஐயா, இதுக்கு ஆர்ரிஐ தேவையில்லை, தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கேட்டால் சொல்லுவார்" என்றார். கேட்டுச் சொல்லும் பதில் காற்றோடு போகும், கடதாசியில் வரும் பதில் கோப்பில் இருக்கும் என்பது கணக்கு எழுதியவனுக்குத் தெரியாததா? எழுத்திலேயே வேண்டுமென்று சொல்லி, கிடைத்ததற்கான அத்தாட்சியையும் வாங்கிக்கொண்டு வந்தேன். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து நாடே நிலைகுலைந்திருந்த கிழமை குறுக்கிட்டது. அப்போது நான் அவசரப்படுத்தவில்லை. பத்திரிகையும் அந்த நாட்களில் முழுக்க இடர்ச் செய்திகளையே கொடுத்தது. எந்தெந்த வீதி தடைப்பட்டிருக்கிறது, எந்தப் பாடசாலையில் இடைத்தங்கல் முகாம் என்று ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்த விதத்தை மனமாரப் பாராட்டுகிறேன். வேண்டுமென்றால் இவர்களால் விவரமாக எழுத முடியும் என்பதற்கு அந்த ஒரு கிழமைப் பிரதிகளே சாட்சி.

டிசம்பர் முற்பகுதியில் பதில் வந்தது. ஒரு பக்கந்தான். ஜூலை மாதத்தில் செய்யப்பட்டது "தற்காலிகத் திருத்தம்" என்றும், மதகின் மேற்கட்டை உடைத்துக் கொங்கிறீற் போடுவதற்கான மதிப்பீடு ஏற்கெனவே தயாரிக்கப்பட்டு, அனுமதிக்காகக் கோப்பில் இருக்கிறது என்றும் எழுதியிருந்தார்கள். மதிப்பீட்டின் பிரதியும் இணைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த திகதியைப் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. பத்திரிகை எதிரொலி போட்ட நாளுக்கு இரண்டு நாட்கள் பிந்திய திகதி அது. மதகு திருத்தப்படவில்லை என்பது பத்திரிகை வாசகர்களுக்கு மறைந்திருந்த காலம் முழுவதும், சபையின் கோப்புக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது. யாரும் களவெடுக்கவில்லை, பெரிய ஊழல் ஒன்றும் அங்கே இல்லை. ஒரு கடதாசி ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகவில்லை, அவ்வளவே. ஏன் போகவில்லை என்று கேட்கவேண்டியவர் "திருத்தியாயிற்று" என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அந்தப் பதிலின் பிரதியை நிருபர் தம்பியிடம் கொடுத்தேன். இம்முறை செய்தி வந்தது, ஐந்தாம் பக்கத்தில், ஒற்றைப் பத்தியில். "முன்னர் வெளியான செய்தியில் மதகு திருத்தப்பட்டதாகக் குறிப்பிடப்பட்டிருந்தது, எனினும்" என்று ஒரு வரியும் அதிலிருந்தது. ஐந்து மாதம் பிந்தினாலும் அந்த "எனினும்" எழுதப்பட்டதற்காக, என் மதிப்பீட்டில் பத்திரிகைக்குக் குறைத்ததில் அரைப் புள்ளியைத் திரும்பக் கொடுக்கிறேன். செய்தி வந்த மறுகிழமை தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து நாடா பிடித்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார். கொங்கிறீற் இன்னும் வரவில்லை.

செய்தி கொடுத்த அன்று தம்பி சொன்ன ஒன்றை இங்கே எழுதாமல் விடமுடியாது. மதகைப் பற்றி எழுதுவதில் பிரச்சினை இல்லை, வீதி ஒப்பந்தம் ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னால் யோசிப்பேன் என்றார். ஏன் என்று கேட்டேன். "ஐயா, நான் எழுதலாம். ஆனா விடிஞ்சால் அந்தாளின்ர வீட்டு வாசலாலதான் பிள்ளையைப் பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போகோணும்" என்றார்.

பத்திரிகைச் சுதந்திரம் என்றால் நாங்கள் பெரிய சம்பவங்களையே நினைக்கிறோம். நினைக்க வேண்டியதுதான். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட அந்த நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. 2000 ஒக்டோபர் 19ஆம் திகதி, ஊரடங்கு இரவில், ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2006 மே 2ஆம் திகதி உதயன் அலுவலகத்துக்குள் ஆயுததாரிகள் புகுந்து சுட்டதில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். மறுநாள் உலக பத்திரிகைச் சுதந்திர நாள். 2013 ஏப்ரல் 13ஆம் திகதி அதே பத்திரிகையின் அச்சு இயந்திரத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அச்சு இயந்திரம் எரிந்த பிறகும் பத்திரிகை எடுத்துப் பழகிய ஊர் இது. அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் இன்று ஒரு நிருபர் பிரதேச சபையைப் பற்றி எழுதுவதற்குத் துப்பாக்கியை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. அவதூறைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டப் பிரிவும் 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் பற்றிய அச்சம் இணையத்தில் எழுதுபவர்களுக்கு இருக்கிறது. அச்சுப் பத்திரிகைக்கு மானநட்ட வழக்கு என்ற சட்டத்தரணிக் கடிதம் இருக்கிறது. ஆனால் ஊர் நிருபருக்குள்ள தடை இவை எதிலும் அகப்படாது. ஒப்பந்தகாரரும் உறுப்பினரும் நிருபரும் ஒரே கோயிலில் தேர் இழுப்பவர்கள். ஒரே வீட்டுச் செத்தவீட்டுக்குப் போகிறவர்கள். கொழும்பில் அமைச்சரைப் பற்றி எழுதுபவர் அமைச்சரை நாளாந்தம் சந்தியில் சந்திப்பதில்லை. இதை எந்தச் சட்டத்தாலும் தீர்க்க முடியாது. பெயர் போடாமல் எழுத விட்டு, பொறுப்பை ஆசிரியபீடம் ஏற்கலாம். பக்கத்துப் பகுதி நிருபரை மாற்றி அனுப்பலாம். நான் பார்த்த ஆறு மாதத்தில் அப்படி எதுவும் செய்ததாகத் தெரியவில்லை.

ஒப்பந்தம் என்றதும், இந்தப் பத்திரிகையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியைச் சொல்கிறேன். கேட்டால் சிரிப்பீர்கள்: கேள்வி கோரல் அறிவித்தல்கள், அதாவது வேலைகளுக்கு ஒப்பந்தகாரர்களிடம் விலை கேட்கும் ரெண்டர் அறிவித்தல்கள். எந்த வீதி, எந்தத் திட்டத்தின் கீழ், பிணைப்பணம் எவ்வளவு, கேள்விகள் திறக்கப்படும் நாளும் நேரமும் எது என்று ஒரு சொல் வீணில்லாமல் அச்சாகும் ஒரே இடம் அதுதான். மரண அறிவித்தல்களுக்கு அடுத்தபடியாக நான் தவறாமல் வாசிப்பது அதை. எனக்கு விளங்காதது என்னவென்றால், எட்டாம் பக்கத்தில் பணம் வாங்கிப் போடும் இந்த அறிவித்தலையும், மூன்றாம் பக்கத்தில் "புனரமைத்து ஒரு வருடத்துக்குள் சிதைந்த வீதி" என்று போடும் செய்தியையும் இணைத்துப் பார்க்கும் ஒரு ஆள் அலுவலகத்தில் இல்லையா என்பதுதான். அறிவித்தலை வெட்டி வைத்தால் வீதியின் பெயர் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, திகதி இருக்கிறது. ஒப்பந்தம் யாருக்குப் போனது என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். உள்ளூராட்சி சபைகளின் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் ஆய்வு செய்ய வேண்டும் என்பது அரசியலமைப்பின் 154ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அந்த அறிக்கைகளில், பற்றுச்சீட்டுத் தராத செலவு, திரும்பப் பெறாத முற்பணம் என்று வரிக்கு வரி செய்தி கிடக்கும். ஆறு மாதத்தில் கணக்காய்வு அறிக்கையை அடிப்படையாக வைத்த செய்தி ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தேன். அதுவும் வேறொரு மாவட்டத்துச் சபையைப் பற்றியது.

அறிவித்தல்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. விளம்பரம் தருபவரும் சபை, விமர்சிக்கப்பட வேண்டியவரும் சபை. விற்பனை குறைந்துவரும் காலத்தில் அந்த வருமானம் எந்தப் பத்திரிகைக்கும் பெரியது. சந்தா கட்டும் வாசகர் தொகை கூடினால்தான் பத்திரிகை அந்தப் பிடியிலிருந்து கொஞ்சமாவது விலக முடியும் என்பதால், சனசமூக நிலையத்தில் இலவசமாக வாசித்துக்கொண்டிருந்த எனக்கும் இதில் பங்கு உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

"இதுக்கெல்லாம் பத்திரிகை எதுக்கு அண்ணை, எல்லாம் முகநூலிலை நேரடியாப் போகுதே" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். உண்மைதான். அமர்வு நடந்துகொண்டிருக்கும்போதே உறுப்பினர்களின் கைப்பேசியிலிருந்து நேரலை வருகிறது. நானும் இரண்டு முறை முழுதாகப் பார்த்தேன். ஒவ்வொருவரும் தான் பேசிய துண்டை மட்டும் வெட்டிப் போடுகிறார்கள். பதில் சொன்னவரின் துண்டு அவருடைய பக்கத்தில் கிடக்கிறது. இரண்டையும் பொருத்திப் பார்த்து, இருவரும் சொன்ன தொகையைக் கோப்போடு ஒப்பிட்டு எழுதுவதற்கு ஒரு மூன்றாமவர் வேண்டும். சில செய்தி இணையத்தளங்கள் பத்திரிகையைவிட விரைவாகவும் சில நேரம் துணிவாகவும் எழுதுகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் தவறான செய்தியை அவர்கள் சத்தமில்லாமல் அழித்துவிடுகிறார்கள். அச்சில் வந்தது என் கோப்பில் இருக்கிறது. எதிரொலிப் பெட்டியை எவராலும் அழிக்க முடியாது என்பதால்தான் அந்த "எனினும்" எழுதப்பட்டது என்று நான் நம்புகிறேன்.

விடாமல் எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் வலிகாமத்திலேயே உதாரணம் இருக்கிறது. சுன்னாகத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்பது ஆரம்பத்தில் ஓர் ஊர்ச் செய்திதான். வாளியில் அள்ளிய தண்ணீரின் படம் திரும்பத் திரும்பப் பத்திரிகையில் வந்தது. மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். வேறு வேறு நிபுணர் குழுக்கள் வேறு வேறு கதை சொன்னபோதும் விடயம் ஆறிப்போகவில்லை. கடைசியில் அது உயர் நீதிமன்றம்வரை போய், 2019 ஏப்ரலில், அங்கே மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென்று தீர்ப்பானது. வழக்கை நடத்தியது பத்திரிகை இல்லை. ஆனால் "சுன்னாகத்தில் தண்ணீர் இப்போது எப்படி" என்ற கேள்வியை வருடக் கணக்காக உயிரோடு வைத்திருந்ததில் அதற்குப் பங்கு உண்டு. 1841 ஜனவரியில் உதயதாரகை தொடங்கிய காலத்திலிருந்து பத்திரிகை வாசித்து வரும் குடாநாட்டில், ஒரு மதகுக்கும் அந்த அளவு பொறுமையைக் கேட்பது அதிக ஆசையாகப் படவில்லை.

வாசகர் கடிதப் பகுதியைப் பற்றி ஒரு சொல். மூன்று கடிதம் போட்டேன். ஒன்று வந்தது, அதுவும் சபை என்ற சொல் நீக்கப்பட்டு "சம்பந்தப்பட்டவர்கள்" என்று மாற்றப்பட்டு. சம்பந்தப்பட்டவர்கள் என்ற சொல்லை யாழ்ப்பாணப் பத்திரிகைகளிலிருந்து ஒரு வருடத்துக்குத் தடை செய்தால், பாதி அலுவலகங்களுக்குத் தூக்கம் போய்விடும். ஆசிரியர் தலையங்கம் பெரும்பாலும் ஜெனீவாவையும் கொழும்பையும் நோக்கியே இருக்கிறது. அவை தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆறு மாதத்தில் உள்ளூராட்சி பற்றி வந்த தலையங்கங்கள் இரண்டு. இரண்டும் நன்றாக எழுதப்பட்டிருந்தன, ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன்.

புள்ளி கொடுக்கச் சொன்னால், விநியோகத்துக்கு ஐந்துக்கு நான்கு, இடர்காலச் செய்திக்கு ஐந்துக்கு ஐந்து, சபையைக் கண்காணிக்கும் வேலைக்கு ஐந்துக்கு இரண்டு தருவேன். "எனினும்" என்ற சொல்லுக்காக அந்த இரண்டை இரண்டரையாக்குகிறேன். நாளொன்றுக்கு ஒரு வெறுந்தேநீர்ச் செலவு இதற்குப் போகிறது. சபைக்குச் சோலைவரி கட்டுகிற, அந்தப் பணம் எங்கே போகிறது என்று அறிய விரும்புகிற எவரும் எடுக்கலாம். ஒரு கத்தரிக்கோலும் கோப்பும் சேர்த்து வாங்கிவையுங்கள்.

சந்தா முடிந்த கிழமை முகவர் வந்தார். ஒரு வருடத்துக்குப் புதுப்பித்தேன். ரசீது எழுதிக்கொண்டே, "மதகு போட்டாச்சே ஐயா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் போன பிறகு அன்றைய பத்திரிகையை விரித்தால், எட்டாம் பக்கத்தில் எங்கள் சபையின் கேள்வி கோரல் அறிவித்தல் ஒன்று: ஆறு உள்வீதிகளும் இரண்டு மதகுகளும். எங்கள் ஒழுங்கையின் பெயர் இரண்டாவதாக இருந்தது. வெட்டி, கேள்வி திறக்கும் நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, எதிரொலிப் பெட்டிக்குப் பின்னால் கோத்து வைத்திருக்கிறேன்.